'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்': சொல்வது எந்த டிஸ்க்?

வந்த மெஷின்: அட்டன் பக்கத்து ஃபோட்டோ ஸ்டூடியோ ஒன்றின் மேசைக் கணினி. எச்81 மதர்போட், நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ் 10. வெளியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும். ஒன்று பழைய லேப்டொப்பிலிருந்து கழற்றி கேசிங்கில் போட்ட 2.5 அங்குல 1 டிபி. மற்றது தனி 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் 3.5 அங்குல 4 டிபி. இது தனி அடாப்டர் உள்ள ஒரு யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தது. கல்யாண ஆல்பம், சடங்கு ஆல்பம் எல்லாம் இந்த இரண்டில்தான்.

முறைப்பாடு இதுதான்: "அண்ணே, கரண்ட் போயி வந்தா மட்டும் ஓன் ஆகமாட்டேங்குது. ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டா ஓன் ஆகுது. நேத்து பாத்தவரு விண்டோஸ் போயிருச்சு, புதுசா போடணும்னு சொன்னாரு."

திரையில் கறுப்புப் பின்னணியில் முதல் வரி: 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்'. இதைப் பார்த்ததும் விண்டோஸ் சீடியைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் டிஸ்க்கைக் கழற்றியதும் மெஷின் ஒழுங்காக ஓன் ஆகிறது என்றால், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வரியை எழுதியது எஸ்எஸ்டி அல்ல, வெளியில் தொங்கும் டிஸ்க்.

எப்படி என்றால், ஒரு பார்ட்டிஷனை விண்டோஸ் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யும்போது அதன் தொடக்கத்தில் ஒரு குட்டி நிரலையும் எழுதிவிடும். உள்ளே படங்கள் மட்டுமே இருந்தாலும் அந்த நிரல் இருக்கும். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே: விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட்எம்ஜிஆர் என்ற ஃபைலைத் தேடுவது, கிடைக்காவிட்டால் இல்லை என்று திரையில் எழுதிவிட்டு நிற்பது. லேப்டொப்பில் இருந்த காலத்தில் இந்த 1 டிபியில் விண்டோஸ் இருந்தது. கேசிங்கில் போடும்போது பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தார்கள். 'இதிலிருந்து பூட் செய்யலாம்' என்று சொல்லும் ஆக்டிவ் குறி ஃபார்மட்டில் அழியாது. ஆகவே பயோஸ் (மெஷின் ஓன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போட் நிரல்) இந்த டிஸ்க்கை முதலில் எடுத்தால், அது ஆக்டிவ் பார்ட்டிஷனுக்குத் தாவி, அங்கே ஃபைலைத் தேடி, இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பக்கத்திலேயே முழு விண்டோஸ் இருக்கிறதென்பது அதற்குத் தெரியாது.

முதல் சோதனைக்கு எதையும் கழற்றத் தேவையில்லை. இரண்டு டிஸ்க்கும் செருகியபடியே இருக்க, பூட் மெனுவைத் திறந்து எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிகாபைட் மதர்போட்டில் எஃப் 12, எம்எஸ்ஐயில் எஃப் 11, ஆசுஸில் எஃப் 8. டெல், லெனோவோவில் எஃப் 12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப் 9. ஏசரிலும் எஃப் 12தான், ஆனால் அந்த மெனு பயோஸுக்குள் மூடியிருக்கும். முதலில் திறந்துவிட வேண்டும். இந்த மெஷினில் எஸ்எஸ்டியைத் தேர்ந்ததும் விண்டோஸ் நேராக வந்தது. புதிதாகப் போடும் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த கேள்வி: கரண்ட் போய் வந்தால் மட்டும் ஏன்? பயோஸுக்குள் போனதும் தேதி 2014 ஜனவரி 1 என்று நின்றது. மதர்போட்டிலுள்ள சிஆர் 2032 பற்றரியை அளந்ததில் 2.41 வோல்ட். புதியது 3.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும், 2.7க்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது. சுவர் சுவிட்ச் ஓனில் இருக்கும்வரை, மெஷின் ஓஃப் ஆகியிருந்தாலும் பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரமே பயோஸ் நினைவையும் மணியையும் காத்துக்கொள்ளும், பற்றரிக்கு வேலையில்லை. சுவரில் ஓஃப் செய்த நிமிஷத்திலிருந்து சுமை பற்றரி தலையில். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிக்குப் பயந்து மலையகத்தில் எல்லாரும் கடையைப் பூட்டும்போது ப்ளக்கையே பிடுங்கிவிடுவார்கள். அது சரியான பழக்கம், விட வேண்டாம். பற்றரி சீக்கிரம் தேயும் என்பது அதற்குக் கொடுக்கும் சின்ன விலை.

பற்றரி இறங்கியதால் ஒவ்வொரு கரண்ட் கட்டிலும் பயோஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியது. இந்த மதர்போட்டில் அந்த அமைப்பு யூஎஸ்பி டிஸ்க்கை வரிசையில் முன்னால் வைத்தது. மற்ற நாட்களில் வரிசை சரியாக இருந்ததால் மெஷின் ஓன் ஆனது.

பற்றரியைக் கழற்றும் முன் பயோஸின் மூன்று பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பூட் வரிசை, சாட்டா மோட் (டிஸ்க்கோடு மதர்போட் பேசும் முறை), சிஎஸ்எம் அல்லது யூஈஎஃப்ஐ (பழைய, புதிய பூட் முறைகள்). சாட்டா மோட் ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஈக்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். அப்போது இல்லாத இன்னொரு கோளாறைத் தேடி அரைநாள் போய்விடும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்ட மெஷின் என்றால், பயோஸில் கைவைக்கும் முன் விண்டோஸுக்குள் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்தக் கீயை எழுதிவைத்திருக்கும் ஆளைக் காண்பது அபூர்வம்.

புதுப் பற்றரி 3.21 வோல்ட். போட்டபின் தேதி திருத்தி, சாட்டா மோட் பழையபடி ஏஎச்சிஐ, பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலாவது. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயோஸில் இதை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும். பொதுப் பூட் வரிசையில் 'ஹார்ட் டிஸ்க்' என்று ஒரே பெயர்தான் தெரியும். அந்தப் பெயருக்குள் எந்த டிஸ்க் முன்னால் என்பது 'ஹார்ட் டிரைவ் பிபிஎஸ் பிரயோரிட்டீஸ்' என்ற தனிப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் 'வரிசை சரிதானே' என்று குழம்புவோர்தான் அதிகம். 'ரீஸ்டோர் ஏசி பவர் லொஸ்' என்பதையும் 'பவர் ஓஃப்' ஆக்கியாயிற்று. கரண்ட் வந்த நொடியே மெஷின் தானாக ஓன் ஆனால், வோல்டேஜ் நிலைப்படும் முன்பே எல்லா டிஸ்க்கும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்.

வரிசையைச் சரிசெய்தது பாதி வேலைதான். அடுத்த தடவை பற்றரி இறங்கினால் அதே கதை. ஆக்டிவ் குறியையும் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு டிஸ்க்கில் எதையும் எழுதும் முன் அதன் உடம்பைப் பார்க்க வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல், யூஎஸ்பி கேசிங் வழியாகப் படிக்க '-டி சாட்' சேர்க்க வேண்டியிருக்கும். பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: 5 (மாற்றப்பட்ட செக்டர்), 197 (படிக்கத் திணறிக் காத்திருக்கும் செக்டர்), 198 (படிக்கவே முடியாதவை). இந்த 1 டிபியில் 5 சுத்தம், 197 மட்டும் 8. 512 பைட் கணக்கில் எட்டு என்றால், தட்டின்மேல் ஒரே ஒரு 4096 பைட் செக்டர். சின்னக் காயம்தான். என்றாலும் ஊர் கல்யாணம் எல்லாம் ஒரே பிரதியாக இருக்கும் டிஸ்க்கில் 197 பூச்சியமாக இல்லாவிட்டால் முதல் வேலை நகல்தான். 'செக்டிஸ்க் /ஆர்' போட்டுப் பழுது பார்க்கும் எண்ணமே வேண்டாம். அது நோயாளி டிஸ்க்கை மணிக்கணக்கில் துருவும், எழுதவும் செய்யும். நடுவில் டிஸ்க் செத்தால் படமும் போய்விடும்.

நகலுக்கு லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ என்ற நிரல். மூல டிஸ்க் முன்னால், போய்ச் சேரும் டிஸ்க் அடுத்து, மூன்றாவதாக, எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல். இடம் மாறினால் வெறும் டிஸ்க்கைக் கொண்டுவந்து படங்களின்மேல் எழுதிவிடும். ஆகவே எல்எஸ்பிஎல்கே கட்டளையில் வரும் மொடலையும் சீரியல் இலக்கத்தையும் டிஸ்க்கின் ஸ்டிக்கரோடு ஒத்துப்பார்த்த பிறகே என்டரில் கை போகலாம். புது டிஸ்க் பைட் கணக்கில் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். முதல் ஓட்டம் '-என்' சுவிட்ச்சோடு: நல்ல இடங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப்போகும். நொடிக்கு சராசரி 80 எம்பி, 1 டிபிக்கு மூன்றரை மணி நேரம். அடுத்த ஓட்டம் '-ஆர்3': விட்ட இடத்தை மட்டும் மூன்று தடவை முயலும். மேப் ஃபைல் இருப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம்ம ஊரில் இதை மறக்கவே கூடாது. மேப் ஃபைலை லைவ் பென்டிரைவின் தற்காலிக இடத்தில் வைத்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். தனிப் பென்டிரைவில் வையுங்கள்.

நகல் எடுத்தபின் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக விண்டோஸில் செருகாதீர்கள். டிஸ்க் கையொப்பம் இரண்டிலும் ஒன்றே என்பதால் இரண்டாவதை விண்டோஸ் ஓஃப்லைன் ஆக்கிவிடும். நகல் பழுது என்று நினைத்து அதை மறுபடி ஃபார்மட் செய்தால் மூன்றரை மணி வீண்.

ஆக்டிவ் குறியை நீக்கியது நகலில்தான். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கட்டளைத் திரையைத் திறந்து: டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலெக்ட் டிஸ்க் 1, டீட்டெய்ல் டிஸ்க். வகை யூஎஸ்பி என்று வருகிறதா, பெயர் சரியா என்பதை இங்கே நின்று பாருங்கள். பிறகு லிஸ்ட் பார்ட்டிஷன், செலெக்ட் பார்ட்டிஷன் 1, டீட்டெய்ல் பார்ட்டிஷன் ('ஆக்டிவ்: யெஸ்' என்று வர வேண்டும்), இன்ஆக்டிவ், எக்ஸிட். தவறுதலாக எஸ்எஸ்டியைத் தேர்ந்து இன்ஆக்டிவ் கொடுத்தால், நல்ல விண்டோஸ் பூட் ஆகாமல் போகும். 'கிளீன்' என்ற கட்டளை இந்த வேலையில் எங்கேயும் வராது. எவராவது அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள்.

உண்மையில் மாறுவது ஒரே ஒரு பைட். எம்பிஆர் என்பது டிஸ்க்கின் முதல் 512 பைட். அதில் 446ஆவது இடத்தில் பார்ட்டிஷன் அட்டவணை தொடங்கும். ஒரு வரிக்கு 16 பைட் வீதம் நான்கு வரி. கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்ற முத்திரை. ஆக்டிவ் என்றால் அந்த வரியின் முதல் பைட் 80. இன்ஆக்டிவ் என்றால் 00. படங்களை எதுவும் தொடுவதில்லை. இதற்குப் பிறகு பயோஸ் இந்த டிஸ்க்கை முதலில் எடுத்தாலும், விண்டோஸ் எழுதிய எம்பிஆர் நிரல் ஆக்டிவ் எதுவும் இல்லையென்று கண்டு, அடுத்த டிஸ்க்குக்குப் போ என்று பயோஸிடமே திருப்பிக் கொடுக்கும். அந்தப் பேச்சைக் கேட்காத பயோஸும் உண்டு. பூட் வரிசையையும் திருத்தியது அதனால்தான்.

இதோடு முடிந்தது என்று இரண்டு டிஸ்க்கையும் செருகிச் சுவர் சுவிட்ச்சைப் போட்டால், இப்போது வேறு கூத்து. பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது, திரையில் ஒன்றுமில்லை. பூட் வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லோகோ வரும் முன்பே இப்படி நின்றால் முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த தடயம்: மெஷினின் ப்ளக்கை மட்டும் பிடுங்கிய பிறகும் மவுஸின் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மெஷினுக்குக் கரண்டே இல்லை. மவுஸுக்கு எங்கிருந்து வந்தது?

யூஎஸ்பி 2.0 ஏ வகைப் போர்ட்டில் நான்கு தகடு: ஓரத்திலுள்ள 1 வது 5 வோல்ட், 2, 3 டேட்டா, மறு ஓரத்து 4 கிரவுண்ட். காலிப் போர்ட்டில் 1க்கும் 4க்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்ததில், ப்ளக் பிடுங்கிய மெஷினில் 4.3 வோல்ட். ஊசிமுனை இரண்டு தகட்டில் ஒன்றாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய யூஎஸ்பி கேபிளொன்றை வெட்டி, சிவப்பு, கறுப்பு வயரில் அளப்பது இன்னும் பத்திரம். ஹப்பைக் கழற்றியதும் 4.3 மெதுவாக இறங்கி பூச்சியமானது. ஹப் தன் அடாப்டரின் 5 வோல்ட்டைக் கீழேயுள்ள டிஸ்க்குக்கு மட்டுமல்லாமல், மேலே மதர்போட்டுக்கும் தள்ளிக்கொண்டிருந்தது. யூஎஸ்பி விதிப்படி அப்படிச் செய்யக்கூடாது. மலிவான ஹப்பில் நடுவே தடுக்கும் டயோடோ சுவிட்ச்சோ வைப்பதில்லை. மதர்போட் பாதி உயிரோடு கிடப்பதால் ஓன் ஆகும்போது முழு ரீசெட் கிடைக்காமல் தடுமாறுகிறது. கேபிளின் 1 வது தகட்டில் டேப் ஒட்டும் வைத்தியம் ஒன்று சொல்வார்கள். மேலேயிருந்து 5 வோல்ட் வந்தால்தான் சில ஹப் விழிக்கும்; டேப் ஒட்டினால் அவை எழும்பாது. இந்த டிஸ்க்குக்குச் சொந்த அடாப்டர் இருப்பதால் ஹப்பே தேவையில்லை. பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகியதும் மீட்டரில் 0.1 வோல்ட்கூட இல்லை, மெஷின் முதல் அழுத்தத்திலேயே ஓன் ஆனது.

லோகோ வந்து அங்கேயே உறைந்து, டெலீட் பட்டனுக்கும் அசையாமல் நிற்பது மூன்றாவது வகை. பயோஸ் யூஎஸ்பி டிஸ்க்கைப் படிக்கப் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் 197 ஏறிய டிஸ்க்காக இருக்கலாம். 2 டிபியைத் தாண்டிய டிஸ்க்கின் கேசிங்காகவும் இருக்கலாம். எம்பிஆர் அட்டவணையில் 512 பைட் செக்டர் வைத்து 2.2 டிபிக்கு மேல் எண்ண முடியாது. ஆகவே சில கேசிங்குகள் செக்டர் 4096 பைட் என்று சொல்லிக் கணக்கை எட்டு மடங்காக்கும். பழைய பயோஸ் 512 தவிர வேறு செக்டரைப் பார்த்ததில்லை. டிஸ்க்கைக் கழற்றி, விண்டோஸ் வந்தபின் செருகினால் நன்றாக ஓடும் என்பது இதன் அடையாளம். பயோஸ் அப்டேட் இருந்தால் அது முதல் வழி. இல்லாவிட்டால் 'யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிரைவர் சப்போர்ட்' என்பதை மூடலாம். 'லெகசி யூஎஸ்பி சப்போர்ட்' என்பதை மட்டும் யோசிக்காமல் மூடாதீர்கள்: பழைய மதர்போட்டில் யூஎஸ்பி கீபோட்டும் சேர்ந்து செத்துவிடும். பிறகு பயோஸுக்குள் போகப் பீஎஸ்/2 கீபோட் தேடியலைய வேண்டும், அல்லது பற்றரியைக் கழற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து.

கேபிளில் மட்டுமே கரண்ட் எடுக்கும் 2.5 அங்குல டிஸ்க்கில் 'டிக்… டிக்' என்று கேட்டால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். சுழலத் தொடங்கும் நொடியில் அது கிட்டத்தட்ட 1 ஆம்பியர் கேட்கும். யூஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. கேஸின் முன்பக்கப் போர்ட்டில் உள்ளே போகும் மெல்லிய வயரிலேயே வோல்டேஜ் கொஞ்சம் விழும். டிஸ்க் சுழலும்போது 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றி, நீளம் குறைந்த நல்ல கேபிள் போடுங்கள். நுவரெலியாப் பக்கம் வருகிற மெஷின்களில் போர்ட்டின் தகடுகளில் பச்சை பூத்திருப்பதும் வழக்கம். ஐசோபிரோப்பில் அல்கஹோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும்.

'உயரத்துல ஹார்ட் டிஸ்க் ஓடாது' என்று ஒரு பேச்சு இங்கே உண்டு. நுவரெலியா 1868 மீட்டர், நாட்டிலேயே உயரமான பீதுருதாலகால உச்சியே 2524 மீட்டர். டிஸ்க்குகள் 3000 மீட்டர் வரைக்கும் ஓடச் செய்தவை. குளிர் வேறு விஷயம். வழக்கமான டிஸ்க்குக்கு ஓடக்கூடிய குறைந்த வெப்பம் 5 பாகை. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் பூட்டிய கடைக்குள் அதன் பக்கம் இறங்கும். வெளியில் குளிர்ந்த டிஸ்க்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் ஒரு மணி நேரமாவது வைத்துப் பிறகு செருகுங்கள். மேலே சின்னத் துளையொன்றிருந்தால் அது காற்றுக்கு விட்டது, டேப் ஒட்டி அடைக்க வேண்டாம்.

விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மூடிப் பாருங்கள். அது முழுதாக ஷட்டவுன் ஆவதில்லை, பழைய நிலையை எழுப்பும்போது டிஸ்க் மாறியிருந்தால் குழம்பும். லினக்ஸ் மெஷின் 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் விழுந்தால், எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்கின் வரியில் 'நோஃபெயில்' சேர்த்தால் போதும்.

தலைகீழான கேஸும் வரும்: வெளி டிஸ்க் இல்லாமல் மெஷின் பூட் ஆகாது. டிஸ்க்கைச் செருகிவைத்தபடியே விண்டோஸ் போட்டதில் பூட் ஃபைல்கள் அதில் போய் உட்கார்ந்திருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் 'சிஸ்டம்' என்ற சொல் எந்த டிஸ்க்கில் இருக்கிறதென்று பாருங்கள். உள் டிஸ்க்கில் சிஸ்டம் பார்ட்டிஷன் ஒன்று உண்டாக்கி, பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் ஃபோல்டரையும் '/எஸ்' சுவிட்ச்சில் அந்தப் பார்ட்டிஷனின் எழுத்தையும் கொடுத்தால் சரியாகிவிடும். விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்க்கையெல்லாம் கழற்றிவைத்தால் இந்த வேலையே வராது.

ஸ்டூடியோ மெஷினின் கடைசிச் சோதனை: 1 டிபி நகலும் 4 டிபியும் செருகியபடி, ஐந்து நிமிஷ இடைவெளியில் சுவர் சுவிட்ச்சை ஓஃப், ஓன் செய்து பத்து தடவை. பத்துக்கும் விண்டோஸ் வந்தது. பிறகு ஒரு இரவு முழுக்க ப்ளக் பிடுங்கிவைத்தது. காலையில் தேதியும் மணியும் சரி, பற்றரி 3.21இல்தான். ஹப்பையும் பழைய 1 டிபியையும் தனி உறையில் போட்டு, ஹப்பின் மேல் 'மெஷினில் செருக வேண்டாம்' என்றும் டிஸ்க்கின் மேல் 'நகலோடு ஒன்றாகச் செருக வேண்டாம்' என்றும் எழுதிக் கொடுத்தாயிற்று.